எண்பது வயதும் எடை மெஷினும்

எண்பதைத் தாண்டிய ஒருவருக்கு வயிற்றில் புற்றுநோய் என்று தெரிந்தால் வீட்டில் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "இந்த வயசுல ஆபரேஷன் தாங்குவாரா?" அது வயதைப் பற்றிய கேள்வி. அதைவிட முக்கியமான இன்னொரு கேள்விக்கு 1936-லேயே பதில் கிடைத்துவிட்டது. ஆள் எவ்வளவு இளைத்திருக்கிறார்?

அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் ஹிராம் ஸ்டட்லி என்ற சர்ஜன், அல்சருக்காக ஆபரேஷன் செய்துகொண்ட 46 பேரின் விவரங்களை எடுத்து வைத்துப் பார்த்தார். (அல்சர்தான், புற்றுநோய் இல்லை. ஆனாலும் கதை இங்கிருந்துதான் தொடங்குகிறது.) வயது, இதயக் கோளாறு, எந்த வகை ஆபரேஷன் என்று எல்லாவற்றையும் அலசினார். எதிலும் தெளிவாக ஒன்றும் சிக்கவில்லை. எடையைப் பார்த்தபோது சிக்கியது. உடல் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் இழந்திருந்த 18 பேரில் 6 பேர் இறந்திருந்தார்கள். மற்ற 28 பேரில் இறந்தது ஒரே ஒருவர்!

இதற்கு அவருக்குத் தேவைப்பட்ட கருவி ஒரு எடை மெஷின் மட்டும்தான்.

காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே. ஆபரேஷன் புண் ஆறப் புரதம் வேண்டும். சாப்பாடு இறங்காதபோது உடம்பு தன் தசையையே கரைத்து எடுத்துக்கொள்கிறது. வட்டி வராதவன் முதலில் கைவைக்கிற மாதிரி. வயதானவர்களுக்கு அந்த முதலே குறைவு, தசை ஏற்கனவே வற்றியிருக்கும். நோயும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

சரி, ஊட்டிவிட்டால் போச்சு என்று தோன்றும். 1968-ல் அமெரிக்காவில் ஸ்டான்லி டட்ரிக் குழுவினர், நாய்க்குட்டிகளுக்கு ரத்தக் குழாய் வழியாகவே முழு உணவும் கொடுத்து வளர்த்துக் காட்டினார்கள். பெரிய சாதனைதான். பிறகு ஆஸ்பத்திரிகளில் இது பரவலானது. ஆனால் 1991-ல் வெளிவந்த ஓர் ஆய்வு உற்சாகத்தைக் குறைத்தது. அமெரிக்க முன்னாள் ராணுவத்தினர் 395 பேரிடம் செய்தது அது. குழாய் உணவு பெற்றவர்களுக்குத் தொற்று அதிகமாக வந்தது. மிக மோசமாக இளைத்திருந்தவர்களுக்கு மட்டுமே தெளிவான பலன். ஆக எல்லோருக்கும் ஏற்றுவது தவறு, யாருக்கு என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

பிரிப்பதற்கு 1984-லேயே ஜப்பானில் ஒனோடெரா ஒரு சூத்திரம் தந்திருந்தார். ரத்தத்தில் உள்ள அல்புமின், லிம்போசைட் அணுக்களின் எண்ணிக்கை, இரண்டை மட்டும் வைத்துப் போடும் மதிப்பெண். 40-க்குக் கீழே போனால் குடலை வெட்டி இணைக்க வேண்டாம் என்றார். வீக்கம், காய்ச்சல் இருந்தாலும் அல்புமின் குறையும் என்பதால் இதை மட்டும் நம்பிவிட முடியாது. ஆனாலும் மிக முதிய நோயாளிகள் பற்றிய ஆய்வுகளில் இந்த மதிப்பெண் இன்றும் வருகிறது.

இப்போது ஐரோப்பிய வழிகாட்டுதல் சொல்வது: கடுமையாக இளைத்தவருக்கு முதலில் 7 முதல் 14 நாள் ஊட்டம் கொடுங்கள், புற்றுநோய் ஆபரேஷன் தள்ளிப்போனாலும் சரி. முடிந்தவரை வாய் வழியாக. வீட்டில் இருப்பவர்களுக்கு அந்த இரண்டு வாரம் சும்மா காத்திருப்பதாகத்தான் தெரியும்.