சொந்தமா ஒரு சோஷியல் மீடியா சர்வர்: மாஸ்டோடன் நடத்துவதில் வசதி என்ன, தலைவலி என்ன?

வருஷக்கணக்கில் எழுதிய பதிவுகள், ஒவ்வொருவராகச் சேர்த்த ஃபாலோயர்கள். ஒருநாள் காலையில் 'உங்கள் கணக்கு முடக்கப்பட்டுள்ளது' என்று வந்து நின்றால்?

2019-ல் உச்ச நீதிமன்ற மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேவின் கணக்கை ட்விட்டர் முடக்கியபோது, அதை எதிர்த்து இந்தியர்கள் பலர் போய்ச் சேர்ந்த இடம் மாஸ்டோடன். 2022 அக்டோபரில் எலான் மஸ்க் ட்விட்டரை வாங்கியதும் உலகம் முழுக்க அடுத்த அலை கிளம்பியது.

மாஸ்டோடனுக்கு மொத்தமாக ஒரு முதலாளி கிடையாது. ஆனால் ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு அட்மின் உண்டு. அந்த அட்மின் நாமே ஆனால் என்ன ஆகும்?

மாஸ்டோடன் எப்படி இயங்குது?

ஜெர்மனியில் வசிக்கும் ஓய்கன் ரோச்கோ 2016-ல் வெளியிட்ட இலவச, ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் இது. இமெயில் மாதிரி யோசித்தால் எளிதில் புரியும். ஜிமெயிலில் இருப்பவர் யாஹூவில் இருப்பவருக்கு மெயில் அனுப்பலாம் இல்லையா? அதேபோல ஒரு சர்வரில் இருப்பவர் வேறு சர்வரில் இருப்பவரை ஃபாலோ பண்ணலாம், பதில் போடலாம். சர்வர்கள் பேசிக்கொள்ளும் பொது மொழியின் பெயர் 'ஆக்டிவிட்டிபப்'. 2018-ல் இது இணையத் தரநிலையாக அங்கீகரிக்கப்பட்டது.

சொந்த சர்வருக்கு என்னென்ன வேணும்?

* ஒரு டொமைன் பெயர். இதை நன்றாக யோசித்து எடுக்கணும். ஆரம்பித்த பிறகு மாற்ற வழியில்லை.
* வாடகைக்கு ஒரு லினக்ஸ் சர்வர். சின்ன அளவில் நடத்த 2 முதல் 4 ஜிபி ரேம் போதும்.
* பாஸ்வேர்டு மாற்றம், உறுதிப்படுத்தல் மெயில்களை அனுப்ப ஒரு இமெயில் சேவை.
* தினமும் பேக்கப். டேட்டாபேஸ், படங்கள், ரகசியக் குறியீடுகள் உள்ள செட்டிங்ஸ் ஃபைல் ஆகியவை வேறொரு இடத்திலும் இருக்கணும்.

முதல் நாள் ஏன் வெறிச்சோடி இருக்கு?

புதுசா ஆரம்பிப்பவர்கள் பலரும் குழம்பும் இடம் இது. உங்கள் சர்வரில் இருப்பவர்கள் யாரையாவது ஃபாலோ பண்ணினால்தான் அவர்களின் பதிவுகள் வரத் தொடங்கும். பழைய பதிவுகள் தானாக வராது. வேறு சர்வர்களில் விழும் பதில்களும் சில நேரம் தெரியாது. ஆள் இல்லை என்று அர்த்தமில்லை. நிறைய பேரை ஃபாலோ பண்ணப் பண்ண டைம்லைன் நிறையும்.

அது நிறையும்போது டிஸ்க்கும் நிறையும். மற்ற சர்வர்களிலிருந்து வரும் படங்கள், வீடியோக்களின் பிரதியை உங்கள் சர்வர் சேமித்து வைக்கும். பழைய பிரதிகளை அவ்வப்போது அழிக்க செட்டிங் வைக்காவிட்டால், ஒரே ஒருவர் பயன்படுத்தும் சர்வர்கூட இடமில்லாமல் நின்றுபோகும்.

அட்மினுக்கு எவ்வளவு அதிகாரம்?

தனிப்பட்ட மெசேஜ்கள் எண்ட்-டு-எண்ட் என்கிரிப்ஷன் செய்யப்பட்டவை அல்ல. டேட்டாபேஸைத் திறக்க முடிந்தவரால் அவற்றைப் படிக்க முடியும். 2023 மே மாதம் அமெரிக்காவில் 'கொலெக்டிவா' சர்வரின் அட்மின் ஒருவர் வீட்டில் எஃப்பிஐ சோதனை நடத்தியது. சர்வருக்குத் தொடர்பில்லாத வழக்கு அது. ஆனாலும் பூட்டப்படாத டேட்டாபேஸ் பிரதி ஒன்று அதிகாரிகள் கைக்குப் போனது.

அதிகாரத்தோடு பொறுப்பும் வருது. மற்றவர்களுக்குக் கணக்கு கொடுத்தால், புகார்களைப் பார்ப்பது, ஆபாசத்தையும் வெறுப்புப் பேச்சையும் நீக்குவது எல்லாம் உங்கள் வேலை. கண்டுகொள்ளாமல் விட்டால் மற்ற சர்வர்கள் உங்கள் சர்வரையே மொத்தமாக பிளாக் பண்ணிடும். 2019-ல் 'கேப்' தளம் மாஸ்டோடன் மென்பொருளுக்கு மாறியபோது பல சர்வர்கள் அதைத்தான் செய்தன.

சர்வர் மூடினால் பயனாளர்கள் கதி?

மாஸ்டோடனில் ஃபாலோயர்களோடு வேறு சர்வருக்கு மாறலாம். பழைய பதிவுகள் மட்டும் கூட வராது. ஆனால் ஒரு நிபந்தனை: பழைய சர்வர் உயிரோடு இருக்கணும்.

'மாஸ்டோடன் டாட் லால்' அட்மின், தனக்கு வந்த வெறுப்பு மெசேஜ்களால் 2023 பிப்ரவரியில் மூடப்போவதாகச் சொன்னார். மே மாதம் வரை அவகாசம் கொடுத்ததால் பயனாளர்கள் மாறிக்கொள்ள முடிந்தது. 2024 பிப்ரவரியில் 'குவீர் டாட் ஏஎஃப்' சர்வருக்கு அந்த நேரம் கிடைக்கவில்லை. ஏஎஃப் என்பது ஆப்கானிஸ்தானின் டொமைன். தாலிபன் அரசின் அமைச்சகம் அந்தப் பெயரை நிறுத்தியதும், முகவரியே இல்லாமல் போனது.

சேருவதற்கு முன் என்ன பார்க்கணும்?

* மூடினால் 3 மாதம் முன்பே சொல்வோம் என்று சர்வர் உறுதி தருதா? மாஸ்டோடனின் அதிகாரப்பூர்வப் பட்டியலில் இடம்பெற இது கட்டாயம்.
* அட்மினுக்கு ஏதாவது ஆனால், சர்வரைத் திறக்க இன்னொருவரிடம் வழி இருக்கா?
* செலவை யார் கொடுக்கிறார்கள்?

நீங்கள் ஃபாலோ பண்ணுபவர்களின் பட்டியலை அவ்வப்போது டவுன்லோடு செய்து வைப்பது நல்லது. போனில் ரகசியம் பேச வேறு ஆப்களைப் பயன்படுத்துங்கள்.

சர்வர் நடத்த ஆசை இருந்தால் முதலில் உங்கள் ஒருவருக்கு மட்டும் ஆரம்பிக்கலாம். பேக்கப்பிலிருந்து ஒருமுறை சர்வரை மீட்டுப் பார்த்த பிறகு நண்பர்களை அழைப்பதே பாதுகாப்பு. ஏன்னா, அதன் பிறகு அங்கே இருப்பது உங்கள் பதிவுகள் மட்டுமல்ல.