குரங்குக் காய்ச்சலும் குருதியின் கதவும்

கெலாங் பாத்தாவுக்குத் தெற்கே குறுகிய கடல், அதற்கப்பால் சிங்கப்பூர். அத்தீவினின்று கல்கத்தாவுக்குச் சென்ற ஒரு குரங்கின் கதையை ஆசிரியர்கள் தம் மாணவர்க்குச் சொல்லலாம். நம் குருதியைப் பற்றிய அரிய உண்மையொன்று அதனோடு பிணைந்துள்ளது.

அக்குரங்கின் இரத்தத்தில், அதுவரை நன்கு ஆராயப்படாத மலேரியாக் கிருமி ஒன்று இருந்தது. கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த ராபர்ட் நோல்ஸும் தாஸ் குப்தாவும், அது மனிதரையும் பற்றும் என்பதை 1932இல் வெளியிட்டனர். நோல்ஸின் பெயரால் அக்கிருமி 'நோலெசி' எனப்பட்டது.

அக்கிருமி மனிதரின் செவ்வணுவுக்குள் எவ்வழியே புகுகின்றது? இதற்குரிய விடை வேறொரு திசையிலிருந்து வந்தது. இரத்தம் உறையாத நோயுடைய ஒருவர்க்கு இங்கிலாந்தில் பலமுறை பிறர் இரத்தம் ஏற்றப்பட்டது. அதனால் அவர் குருதியில் ஒரு புதிய எதிர்ப்பொருள் தோன்றியிருந்தது. 1950இல் அறிஞர் அதனை அறிவித்தனர். செவ்வணுவின் மேலுறையிலுள்ள ஒரு பொருளை அது பற்றியது. நோயாளியின் பெயரால் அதற்கு 'டஃபி' என்று பெயரிட்டனர். அது ஒரு புரதம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. எதிர்ப்பொருள் பற்றிய அணுக்கள், 1945இல் கூம்ஸ் முதலியோர் வகுத்த சோதனையில் திரண்டு நிற்கும், பற்றாதவை திரளா. இவ்வாறு, கண்ணுக்குப் புலனாகாத புரதம் உண்டா இல்லையா என அறிய வழி பிறந்தது.

1975இல் அமெரிக்காவில் லூயி மில்லர் குழுவினர் இவ்விரு கதைகளையும் இணைத்தனர். டஃபி இல்லாத செவ்வணுக்களில் நோலெசி புகவில்லை. டஃபி உள்ள அணுக்களை எதிர்ப்பொருளால் மறைத்தபோது புகுதல் குறைந்தது. கதவை அடையாளங்காட்டிய பொருளே அதற்குத் தாழும் ஆயிற்று! மறு ஆண்டில், டஃபி இல்லாதோர் வைவாக்ஸ் மலேரியாவையும் எதிர்த்து நிற்பதை அவர்கள் காட்டினர்.

மேற்கு ஆப்பிரிக்க மக்களுள் பெரும்பாலோரிடம் டஃபி இல்லை. தமிழர், மலாய்க்காரர், சீனர் ஆகிய நம்மிடமோ பெரும்பாலும் உண்டு. இனம் வேறாயினும் கதவு ஒன்றே.

இஃது ஏட்டுச் செய்தி மட்டுமன்று. 1965இல் பகாங் காட்டில் பணிபுரிந்த அமெரிக்கர் ஒருவர்க்கு இந்நோய் இயற்கையாகவே வந்தது தெரிந்தது. 2004இல் பல்பீர் சிங் குழுவினர், சரவாக்கின் காப்பிட்டில் ஆராய்ந்த 208 மலேரியா நோயாளருள் 120 பேரிடம் நோலெசியைக் கண்டனர். 2018இல் மனித மலேரியாவின் உள்நாட்டுப் பரவல் மலேசியாவில் பதிவாகவில்லை; குரங்கு மலேரியாவோ நீங்கவில்லை.

ஆதலின், காட்டோரத் தோட்டங்களுக்குச் சென்று வந்தவர்க்குக் காய்ச்சல் கண்டால், 'மலேரியா பழங்கதை' என்று நாம் வாளாவிருத்தல் கூடாது. இரத்தத்தைச் சோதிக்கச் செய்வதே அறிவுடைமை. அக்கிருமிக்கு நம் வீட்டுக் கதவு எது என்பது தெரியும். அதை நாமும் அறிந்திருத்தல் வேண்டும்.