பி.டி. பீரியடும் நான் எழுதிய கடிதமும்

போன வாரம் பேரனை டாக்டரிடம் அழைத்துப் போயிருந்தேன். பத்தாவது படிக்கிறான். வயதுக்கு மீறிய எடை. "தினம் எவ்வளவு நேரம்ப்பா ஓடியாடறே?" என்று டாக்டர் கேட்டார். "பி.டி. பீரியட்ல கணக்கு சார் வந்துடறார் டாக்டர்" என்றான். அவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் 'ழிம்னாஸ்திக்' வகுப்பை வேறு வாத்தியார் தொட முடியாது. கற்றுத் தந்தவர் ஒரு சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவரை நம் புதுச்சேரியில் அப்படித்தானே சொல்வோம்! "அங், தெ! அங், தெ!" என்று அவர் போடும் சத்தம் தெருக்கோடி வரை கேட்கும். கயிறு ஏற வராத எனக்கு அந்த வகுப்பு நரகம்தான், மறைப்பானேன்.

அந்தப் பாடத்துக்கு அத்தனை மரியாதை எப்படி வந்தது என்பதை ஓய்வு பெற்ற பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். 1870-71 போரில் பிரான்சு ஜெர்மானியரிடம் தோற்றது. அல்சாசும் லொரேனில் ஒரு பகுதியும் கைவிட்டுப் போயின. பிள்ளைகளைப் பள்ளியிலேயே திடமாக வளர்க்க வேண்டும் என்ற பேச்சு வலுத்தது. 1880 ஜனவரி 27ஆம் தேதிச் சட்டம் அரசு ஆண்கள் பள்ளிகளில் உடற்பயிற்சியைக் கட்டாயமாக்கியது. 1882இல் வந்த கட்டாயக் கல்விச் சட்டத்தின் முதல் பிரிவிலேயே, கணக்கோடும் சரித்திரத்தோடும் உடற்பயிற்சியும் இருக்கிறது. அதோடு பையன்களுக்கு ராணுவப் பயிற்சி, பெண்களுக்குத் தையல் வேலை! அதே ஆண்டு பள்ளிப் பட்டாளங்கள் அமைக்கவும் ஆணை போட்டார்கள். சிறுவர்கள் துப்பாக்கி ஏந்தி அணிவகுத்தார்கள். பத்து வருடத்தில் அந்தக் கூத்து அடங்கிவிட்டது. உடற்பயிற்சி மட்டும் பாடத்திட்டத்தில் நின்றது. கோப்பில் ஏறியது லேசில் இறங்காது என்பது குமாஸ்தாவுக்குத் தெரியும்.

அவர்களுக்கு வேண்டியிருந்தது சிப்பாய். பிள்ளைகளின் எடையைப் பற்றி அன்று யாருக்குக் கவலை? இன்று உலக சுகாதார நிறுவனம், 5 முதல் 17 வயது வரை நாளுக்குச் சராசரி 60 நிமிடம் உடல் உழைப்பு வேண்டும் என்கிறது. 2016ஆம் ஆண்டுக் கணக்குப்படி, உலகில் 11 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 81 சதவீதம் பேருக்கு அது கிடைக்கவில்லை.

எனக்கு ஏன் சிரிப்பு வரவில்லை என்றால், இவன் அப்பா பத்தாவது படித்தபோது, பி.டி. பீரியட்களைக் கணக்குக்குக் கொடுக்கும்படி பெற்றோர் சார்பில் பள்ளிக்குக் கடிதம் எழுதியவன் நான். கையெழுத்து நன்றாக இருக்கும் என்று என்னிடம் கொடுத்தார்கள். சந்தோஷமாக எழுதினேன். மகன் கணக்கில் நல்ல மார்க் வாங்கினான். நாற்பது வயதிலேயே சர்க்கரை மாத்திரையும் ஆரம்பித்துவிட்டான்.

நேற்று ராத்திரி பேரன் பள்ளிக்கு ஒரு கடிதம் எழுதினேன், அந்த பீரியடைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி. "கொடுக்காதீங்க தாத்தா, மத்தவங்க அப்பா அம்மாவெல்லாம் சண்டைக்கு வருவாங்க" என்கிறான். வரட்டும். திங்கட்கிழமை காலையில் நானே கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன்.