முட்டை வெந்தது, மனுஷன் வேகல

1774, லண்டன். மருத்துவர் ஜார்ஜ் ஃபோர்டைஸ் நல்லா சூடாக்கி வெச்ச அறைக்குள்ள சார்லஸ் பிளாக்டன் போறார். கிட்டத்தட்ட 127 டிகிரி செல்சியஸ்! 8 நிமிஷம் நின்னுட்டு நல்லபடியா வெளிய வந்தார். அதே அறையில வெச்ச முட்டை 20 நிமிஷத்துல கெட்டியா வெந்துருச்சு.

உயிருக்கே சூட்டை அழிக்கிற சக்தி இருக்குன்னு அவர் நம்பினார். வியர்வை ஆவியாகறதும் உதவுதுன்னு சொன்னார். ரெண்டாவதுதான் நின்னுச்சு.

ஆனா எனக்கு இந்தக் கதையில முக்கியம் 127 இல்ல, அங்க இருந்த வறண்ட காத்து. காத்துல ஈரம் நெறைஞ்சா வியர்வை வழியுமே தவிர ஆவியாகாது. அப்போ 40 டிகிரியே உயிரை எடுக்கலாம். அதனால மே மாசம் வெளிய வேலை பாக்குறவங்க வெயிலோட ஈரப்பதத்தையும் பாருங்க.