மலிவுச் சிலிக்கானில் ஏறிய ரேடியோ

1990-களின் தொடக்கத்தில், கணிப்பொறிச் சிப்புகளுக்கான சிமாஸ் சிலிக்கானில் நல்ல ரேடியோ ரிசீவர் செய்ய முடியும் என்பதைத் துறையில் பலர் நம்பவில்லை. உயர் அதிர்வெண் வேலை என்றாலே விலை கூடிய கேலியம் ஆர்செனைடு அல்லது பைபோலார் சிப்புதான். வடிகட்டிகளும் சுருள்களும் சிப்புக்கு வெளியே தனித்தனியாக உட்கார்ந்திருக்கும்.

நம்பாததற்குக் காரணம் இருந்தது. ஆன்டெனாவை ஒட்டி நிற்கும் முதல் பெருக்கி இரைச்சலைச் சேர்த்துவிட்டால், பின்னால் எவ்வளவு பெருக்கினாலும் அது சிக்னலோடு சேர்ந்தே வளரும். பெல் ஆய்வுக்கூடத்தின் ஹரால்ட் ஃப்ரீஸ் 1944-இலேயே இதற்குச் சூத்திரம் தந்திருந்தார். பின்னாளில், 1999-இல் வந்த வைஃபைக்கான 802.11ஏ தரவிதி எதிர்பார்த்ததும் லேசானதல்ல. மிகக் குறைந்த வேகத்தில், மைனஸ் 82 டிபிஎம் சிக்னலையும் ரிசீவர் படித்தாக வேண்டும். ஒரு வாட்டை லட்சம் கோடியாகப் பிரித்தால் அதில் சுமார் ஆறு பங்கு, அவ்வளவுதான்.

முதல் தடை, சுருள். சிப்பின் மேல் உலோகத்தைச் சுழித்துப் போட்டால் அடியிலிருக்கும் சிலிக்கான் ஆற்றலைத் தின்றுவிடும். 1990-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் நுயெனும் ராபர்ட் மேயரும் சிலிக்கான் மேலேயே சுருள் அமைத்துக் காட்டினார்கள். 1993-இல் லாஸ் ஏஞ்சலஸில் அசாத் அபிதியின் குழு ஒரு படி மேலே போனது: சுருளுக்கு அடியிலிருந்த சிலிக்கானை அரித்தெடுத்து, சுருளை அந்தரத்தில் நிறுத்தி, 2 மைக்ரான் சிமாஸில் ரேடியோ பெருக்கி செய்தது.

அடுத்த தடை, ஆன்டெனாவோடு பொருந்துவது. உள்ளீட்டில் 50 ஓம் வேண்டும். அதற்கு மின்தடையை வைத்தால் அதுவே இரைச்சலைக் கொட்டும். ஸ்டான்ஃபோர்டில் ஷேஃபரும் தாமஸ் லீயும் 1997-இல் வெளியிட்ட பெருக்கியில், டிரான்சிஸ்டரின் சோர்ஸ் முனையில் இருந்த ஒரு சிறு சுருளே அந்த 50 ஓமைத் தந்தது. மின்தடையும் இல்லை, அதன் இரைச்சலும் இல்லை. 1.5 கிகாஹெர்ட்ஸில், வெறும் 1.5 வோல்ட்டில் அது ஓடியது.

மறு ஆண்டே ஸ்டான்ஃபோர்டுப் பேராசிரியர் தெரசா மெங் ஏதரோஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். சில ஆண்டுகளிலேயே அந்த நிறுவனத்தின் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை ரேடியோ, 0.25 மைக்ரான் சாதாரண சிமாஸில் வந்தது. 2011-இல் குவால்காம் அந்த நிறுவனத்தைச் சுமார் 310 கோடி டாலருக்கு வாங்கியது. வைஃபை இன்று எல்லோர் கைக்கும் எட்டும் விலையில் இருப்பதில், அந்தப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடங்களின் பத்தாண்டு உழைப்புக்குப் பெரும் பங்கு உண்டு.