அடுக்குக்குறிப் பரவல்

அடுத்த நிகழ்வுக்கு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதை அளக்கும் நிகழ்தகவுப் பரவல். நிகழ்வுகள் ஒன்றையொன்று சாராமல், மாறாத சராசரி வீதத்தில் நேர்ந்தால் இது பொருந்தும். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தின் ஏ. கே. எர்லாங், அழைப்புகள் இத்தகைய நிகழ்வுகளுக்கான புவாசான் விதிப்படி வருவதை 1909-இல் காட்டினார். அவற்றின் இடைவெளிகள் இப்பரவலைச் சேர்ந்தவை.

குன்றத்தூரில் பல்லாவரம் பஸ், நேர ஒழுங்கின்றி, சராசரியாக 10 நிமிடத்துக்கு ஒன்று வருவதாகக் கொள்வோம். 7 நிமிடத்துக்குள் பஸ் வர ஏறக்குறைய பாதி வாய்ப்பு. 10 நிமிடம் தாண்ட 37%.

‘நினைவின்மை’ இதன் தனித்தன்மை. கால் மணி நேரம் கால்கடுக்க நின்றவருக்கும் இப்போதுதான் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கியவருக்கும் மிச்சக் காத்திருப்பு சராசரியாக அதே 10 நிமிடம். பஸ்கள் பிசகாமல் 10 நிமிட இடைவெளியில் ஓடினால், வந்து நிற்பவரின் சராசரிக் காத்திருப்பு 5 நிமிடமே.

நெரிசலில் சிக்கி இரண்டு பஸ்கள் ஒட்டிக்கொண்டு வரும் தடங்களுக்கு இக்கணக்கு பொருந்தாது.