லெய்டன் சாடியிலிருந்து லேசர் வரை: ஓர் எண்ணின் வரலாறு

உலர்ந்த தலைமுடியில் தேய்த்த சீப்பு காகிதத் துணுக்குகளைத் தன்பால் ஈர்க்கிறது. காந்தம் இரும்பாணியை ஈர்க்கிறது. அகல்விளக்கு இருளை விலக்குகிறது. மேலோட்டமாகப் பார்த்தால் இம்மூன்றுக்கும் இடையே யாதோர் உறவும் தென்படுவதில்லை. மனிதகுலமும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணி வந்தது. இவை மூன்றும் ஒரே மூலத்தின் தோற்றங்கள் என்பதை ஓர் எண் காட்டிக்கொடுத்தது. அந்த எண் ஒரு கண்ணாடிச் சாடியைக் கொண்டு அளக்கப்பட்டது. அதனை அளந்தவர்களோ, தாம் அளந்தது என்ன என்பதை அறிந்திருக்கவில்லை. அறிவியல் வரலாற்றில் நம்மைச் சிந்திக்க வைக்கும் நிகழ்ச்சிகளுள் இதுவும் ஒன்று.

அம்பர் என்னும் மரப்பிசின் கல்லைத் தேய்த்தால் அது இலேசான பொருள்களை ஈர்க்கும் என்பதைப் பண்டைய கிரேக்கர் அறிந்திருந்தனர். அவர்கள் மொழியில் அக்கல்லின் பெயர் 'எலெக்ட்ரான்'. மின்சாரத்தைக் குறிக்கும் ஐரோப்பியச் சொற்கள் அதிலிருந்தே பிறந்தன. 1733இல் பிரான்சு நாட்டு டூ ஃபே, மின்னூட்டம் இருவகைப்படும் என்று கண்டார்: ஒத்தவை விலகும், மாறுபட்டவை ஈர்க்கும். அடுத்த பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டுகளில், மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும் கண்ணாடிக் கலம் உருவாயிற்று. ஹாலந்து நாட்டு நகரின் பெயரால் அது லெய்டன் சாடி எனப்பட்டது. 1785இல் கூலும், இரு மின்னூட்டங்களுக்கு இடையிலுள்ள விசையை மெல்லிய கம்பியின் முறுக்கத்தைக் கொண்டு அளந்தார். தொலைவு இரு மடங்கானால் விசை நான்கில் ஒன்றாகக் குறையும் என்று நிறுவினார்.

இவையெல்லாம் நிலையாக நிற்கும் மின்னூட்டத்தைப் பற்றியவை. 1800இல் வோல்டா மின்கலத்தை அமைத்த பிறகுதான் ஓடும் மின்சாரம் ஆய்வாளர் கைக்கு எட்டியது. 1820இல் கோபன்ஹேகனில் எர்ஸ்டெட், மின்சாரம் ஓடும் கம்பியின் அருகே திசைகாட்டியின் முள் திரும்புவதைக் கண்டார். 1831இல் மைக்கேல் பாரடே இதன் மறுபக்கத்தைக் கண்டார்: மாறும் காந்தம் மின்சாரத்தைப் பிறப்பிக்கிறது.

பாரடே ஒரு கொல்லரின் மகன். புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகியவர். உயர்கணிதம் அவருக்குத் தெரியாது. ஆனால் இயற்கையின் விசைகள் யாவும் ஒரே மூலத்திலிருந்து தோன்றியவை என்ற உறுதி அவர் உள்ளத்தில் ஆழ வேரூன்றியிருந்தது. அன்றைய கணித வல்லுநர் பலர், இரு மின்னூட்டங்கள் இடையிலுள்ள வெளியின் துணையின்றியே ஒன்றையொன்று ஈர்க்கின்றன என்று கருதினர். பாரடேயோ அந்த இடைவெளியையே உற்று நோக்கினார். காந்தத்தைச் சுற்றி இரும்புத் தூள் வரிவரியாக அமைவதைக் கண்டு, அவ்வெளி முழுவதும் விசைக்கோடுகள் நிறைந்த ஒரு புலம் என்று எண்ணினார். 1845இல், கண்ணாடியினூடே செல்லும் ஒளியின் அதிர்வுத் தளத்தைக் காந்தம் திருப்புகிறது என்று சோதனையால் காட்டினார். ஒளிக்கும் காந்தத்துக்கும் உறவு உண்டு என்பதற்கு அதுவே முதற்சான்று.

இனி எண்ணின் கதைக்கு வருவோம். மின்னூட்டத்தை இருவகையில் அளக்கலாம். நிலையாக நிற்கும்போது அது செலுத்தும் விசையைக் கொண்டு அளப்பது ஒரு முறை. கம்பி வழியே ஓடும்போது அது விளைவிக்கும் காந்த விசையைக் கொண்டு அளப்பது மற்றொரு முறை. ஒரே மின்னூட்டத்தை இவ்விரு முறையிலும் அளந்து, ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் விடை என்ன? ஓட்டம் என்று வந்துவிட்டால் தூரமும் நேரமும் உடன் வருகின்றன. ஆகவே கிடைக்கும் விடை வெறும் எண் அன்று. அது ஒரு வேகம்.

1850களின் நடுவில் ஜெர்மானியரான வில்ஹெல்ம் வெபரும் ருடால்ஃப் கோல்ராஷும் இவ்வரிய அளவீட்டை மேற்கொண்டனர். லெய்டன் சாடியில் தேக்கிய மின்னூட்டத்தை முதலில் விசையால் அளந்தனர். பின்னர் அதைக் கம்பிச்சுருள் வழியே வெளியேற்றி, காந்த முள்ளின் அசைவால் அளந்தனர். 1856இல் முடிவு வெளியாயிற்று. இன்றைய முறையில் சொன்னால் அவர்கள் கண்ட வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 3,10,740 கிலோமீட்டர்.

ஒளியின் வேகமோ அதற்கு முன்பே அறியப்பட்டிருந்தது. 1849இல் பாரிஸ் அருகே ஃபிசோ, வேகமாகச் சுழலும் பற்சக்கரத்தின் இடைவெளி வழியே ஒளியைச் செலுத்தி, எட்டரைக் கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்த கண்ணாடியில் பட்டுத் திரும்பச் செய்து, வினாடிக்குச் சுமார் 3,15,000 கிலோமீட்டர் என்று கணித்திருந்தார். இரு எண்களும் அருகருகே நின்றன. எனினும் வெபர் தமது எண்ணை வேறொரு வரையறையில் எழுதியிருந்ததால் ஒற்றுமை கண்ணில் படாமல் மறைந்திருந்தது. 1857இல் கிர்க்காஃப், தடையில்லாக் கம்பியில் மின்சைகை ஒளியின் வேகத்திலேயே செல்லும் என்று கணக்கிட்டு, ஒற்றுமையைக் குறிப்பிடவும் செய்தார். ஆயினும் அவரும் அதைக் கடந்து சென்றார். இடைவெளியில் ஏதும் நிகழ்வதில்லை என்று கொண்டவர்களுக்கு, அந்த எண் பேசிய மொழி விளங்கவில்லை. கோல்ராஷ் 1858இல் மறைந்தார். தம் கை அளந்த எண்ணின் பொருளை அவர் அறியவே இல்லை.

அதை அறிந்தவர் ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல். பாரடேயின் விசைக்கோடுகளைக் கணித மொழியில் வடிப்பதையே அவர் தம் பணியாக மேற்கொண்டார். கணிதக் குறிகளில் கண்ட முடிவுகளைச் சாதாரண மொழியிலும் சொல்ல இயலாதா என்று 1857இல் பாரடே அவருக்குக் கடிதம் எழுதிக் கேட்டதுண்டு. 1861ஆம் ஆண்டுக் கோடையில் தமது கிராமத்து இல்லத்தில், மின்காந்தப் புலத்தில் ஓர் அதிர்வு பரவினால் அதன் வேகம் என்ன என்பதற்கான சூத்திரத்தை மாக்ஸ்வெல் வருவித்தார். வெபரின் எண் அப்போது அவரிடம் இல்லை. இலண்டன் திரும்பியபின் அதைத் தேடியெடுத்துப் பொருத்திப் பார்த்தார். விடை, ஒளியின் வேகம்! அவ்வாண்டு அக்டோபரில், எழுபது வயதான பாரடேக்கு இதைக் கடிதத்தில் தெரிவித்தார். ஒளி என்பது மின்காந்த அலையே என்ற முடிவு 1862இல் அச்சேறியது.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெபரின் எண்ணும் ஃபிசோவின் எண்ணும் உண்மை அளவைவிடச் சில விழுக்காடு மிகுதியானவை. இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தமையால் பொருத்தம் மேலும் நெருக்கமாகத் தோன்றியது. எண்களின் பொருத்தம் மட்டுமே உண்மைக்குச் சான்றாகிவிடாது. அலையை நேரில் காண வேண்டும். கார்ல்ஸ்ரூவில் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் 1887-88இல் மின்பொறியால் அத்தகைய அலைகளை எழுப்பி, அவை ஒளியைப் போலவே எதிரொளித்து வளைவதைக் காட்டினார். மாக்ஸ்வெல் அதற்கு முன்பே, 1879இல், 48 வயதில் மறைந்துவிட்டார்.

ஒளியின் கதை அத்துடன் முடியவில்லை. ஒளி சிறுசிறு பொட்டலங்களாகவும் நடந்துகொள்கிறது என்று 1905இல் ஐன்ஸ்டீன் எழுதினார். பின்னர், 1916-17இல் மற்றொன்றைக் கண்டார். ஆற்றல் மிகுந்த நிலையிலுள்ள ஓர் அணுவைத் தக்க நிறமுடைய ஒளி கடக்கும்போது, அந்த அணுவும் அதே நிறத்தில், அதே திசையில், அதே தாளத்தில் ஒளியை வெளியிடும். சாதாரண விளக்கில் ஒவ்வோர் அணுவும் சந்தைக் கூட்டம்போல் தன் போக்கில் ஒளிர்கிறது. அணுக்கள் அனைத்தும் ஒரே சுருதியில் பாடும் பாடகர் குழுவானால் கிடைப்பதே லேசர். 1954இல் டவுன்ஸும் அவருடைய துணைவர்களும் நுண்ணலைகளில் இதைச் செய்து காட்டினர். 1960 மே 16 அன்று கலிபோர்னியாவில் தியோடர் மெய்மன், வெள்ளி பூசிய முனைகள் கொண்ட சிறு மாணிக்கத் தண்டிலிருந்து சிவந்த லேசர் ஒளியை எழுப்பினார். அவரது கட்டுரையை முதலில் அனுப்பிய அமெரிக்க ஆய்விதழ் ஏற்க மறுத்தது. இங்கிலாந்தின் 'நேச்சர்' இதழ் ஆகஸ்டில் வெளியிட்டது.

இந்த லேசர்தான் நம் எண்ணை மீண்டும் அளக்க வந்தது. ஓர் அலையின் நீளத்தையும், வினாடிக்கு அது அதிரும் தடவைகளையும் பெருக்கினால் அதன் வேகம் கிடைக்கும். 1972இல் அமெரிக்காவின் போல்டர் நகரில் எவன்சன் குழுவினர் ஒரே லேசர் ஒளியில் இவ்விரண்டையும் அளந்தனர். முந்தைய அளவீடுகளினும் ஏறத்தாழ நூறு மடங்கு துல்லியம் கிடைத்தது. ஐயப்பாடு வினாடிக்குச் சுமார் ஒரு மீட்டர் மட்டுமே. அதற்குமேல் துல்லியம் வேண்டுமானால் மீட்டர் என்னும் அளவுகோலே போதாது என்ற நிலை வந்தது. ஆகவே 1983இல் உலக நாடுகளின் அளவியல் மாநாடு முறையைத் தலைகீழாக்கியது. ஒளியின் வேகம் வினாடிக்கு 29,97,92,458 மீட்டர் என்று நிலையாக வரையறுக்கப்பட்டு, அதிலிருந்தே மீட்டர் பெறப்பட்டது. 2019 மே 20 முதல், எலெக்ட்ரான் தாங்கும் மின்னூட்டத்தின் அளவும் அவ்வாறே வரையறுக்கப்பட்டுள்ளது.

இவ்வரலாற்றில் எவர் பெரியவர்? வெபரும் கோல்ராஷும் பொறுமையுடன் அளந்திராவிடில், மாக்ஸ்வெல்லின் சூத்திரம் வெறும் கற்பனையாக நின்றிருக்கும். பாரடே இடைவெளியை உற்று நோக்கியிராவிடில், அவர்கள் அளந்த எண் ஏட்டிலேயே உறங்கியிருக்கும். அளக்கும் கையும் வேண்டும். பொருள் காணும் கண்ணும் வேண்டும். இரண்டும் ஒருவரிடமே அமைவது அரிது. மாக்ஸ்வெல் இதை அறிந்திருந்தார். அதனால்தான் தம் கண்டுபிடிப்பை, கணிதம் பயிலாத அந்த முதியவருக்கு அவர் விரைந்து தெரிவித்தார். இன்று நம் வீட்டுக் குழந்தை பள்ளிக்கு எடுத்துச் செல்லும் அடிக்கோலின் ஒவ்வொரு கோட்டுக்கும் ஒளியின் வேகமே ஆதாரம். அந்த வேகம் ஒளியைப் பாராமலே, ஒரு கண்ணாடிச் சாடியின் மின்னூட்டத்திலிருந்தும் அளக்கப்பட்டது என்பதைச் சொல்லிக்கொடுத்தால், அக்குழந்தையும் ஒருகணம் வியந்து நிற்கும்.